லீவு கொடுக்க வந்தவர்

எங்கள் கம்பெனிக்கு ஆலோசனை சொல்ல வந்தவர், வந்த அன்றைக்கே தலைவருக்கு மூன்று நாள் லீவு கொடுத்துவிட்டார்.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களின் விவசாயிகள் ஒன்று சேர்ந்து நடத்துகிற கம்பெனி. உறுப்பினர்களின் மல்லாட்டையை வாங்கிக் காயவைத்து, உடைத்து, எண்ணெய் ஆட்டி விற்கிறோம். மல்லாட்டையை வேர்க்கடலை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு சிமெண்ட் களம், ஒரு குடோன், ஓர் ஆபீஸ் அறை, அறைக்குள் ஒரே ஒரு ஃபேன். ஃபேனுக்கு நேர் கீழே தலைவர் நாற்காலி.

மேனேஜராக இருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் வேலையையும் ஆபீஸ் உதவியாளரான நானே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷ அனுபவம், நாற்பத்தாறு வயது, தபாலில் படித்த பி.காம். அந்த மேனேஜர் வேலை எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றவர்களுக்கு இருந்தது. "லாரிக்காரன்கிட்ட மல்லுக்கு நிக்கணும், வியாபாரிகிட்ட பேரம் பேசணும், பொம்பளையால ஆவுமா?" என்று ஒரு இயக்குநர் என் எதிரிலேயே கேட்டார். இன்னொருவர், சென்னையில் எம்.பி.ஏ. படித்த தன் சொந்தக்காரப் பையனின் போட்டோவையே செல்போனில் வைத்துக்கொண்டு சுற்றினார், பெண் பார்க்கப் போகிற மாதிரி. சண்டை வேண்டாம், முதலில் கம்பெனி எப்படி நடக்கிறது என்று ஓர் ஆலோசகர் பார்க்கட்டும், அவர் சொன்ன பிறகு மேனேஜரை முடிவு செய்யலாம் என்று எங்களுக்கு உதவி செய்கிற அமைப்பு சொல்லிவிட்டது.

அப்படி வந்தவர்தான் அவர். பேர் வேண்டாம். அவருக்கே பிடிக்காது.

கோட்டுப் போட்ட பெரிய மனிதர் ஒருவர் காரில் வந்து இறங்குவார் என்று வாசலில் காத்திருந்தோம். செங்கல்பட்டிலிருந்து திருவண்ணாமலை பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே ஒருத்தர் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். காட்டன் சுடிதார், தோளில் துணிப்பை, கையில் பாதி தின்ற கொய்யாப்பழம். அவர் நீட்டிய அட்டையில் நிறுவன உத்தி, நிறுவனக் கலாச்சாரம், பெண்கள் தலைமை என்று மூன்று வரி இருந்தது. தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொத வரியும் மூணாவது வரியும் சரி மேடம். கலாச்சாரத்துக்கும் மல்லாட்டைக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார்.

அதற்குள் டீ வந்தது. தலைவருக்கு எவர்சில்வர் டம்ளரில், ஆண் இயக்குநர்களுக்குக் கண்ணாடி கிளாஸில், பெண் இயக்குநர்கள் நான்கு பேருக்கும் எனக்கும் பேப்பர் கப்பில். யாரும் அப்படிக் கொடுக்கச் சொன்னதில்லை. பத்து வருஷமாக அப்படித்தான் வருகிறது. விருந்தாளி என்று அவருக்கும் எவர்சில்வர் டம்ளர் வந்தது. அவர் அதை வாங்கித் தலைவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு பேப்பர் கப்பை எடுத்துக்கொண்டார். "யாரும் சொல்லாமலே எல்லாரும் செய்யறோம் இல்லையா சார், அதுக்குப் பேருதான் கலாச்சாரம்," என்றார். அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லோருக்கும் பேப்பர் கப். தலைவருக்குக் கை சுட்டது, ஊதி ஊதிக் குடித்துவிட்டார்.

அந்த முதல் நாள், டீ முடிந்ததும்தான் லீவு விஷயம் வந்தது. "நீங்க மூணு நாள் லீவு எடுங்க சார். ஆள் இருக்கும்போது ஒரு ஆபீஸ் எப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஆள் இல்லாதப்பதான் தெரியும்," என்றார். இதுதான் அவருடைய ஒரே வைத்தியம் என்பது எங்களுக்கு அப்புறம்தான் புரிந்தது. அவர் போகிற இடமெல்லாம் இதே வேலைதானாம். வருவார், நாலு பேரோடு பேசுவார், யாரையாவது வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூலையில் நோட்டோடு உட்கார்ந்துகொள்வார்.

தலைவர் முதல் நாள் வீட்டில் இருந்தார். இரண்டாம் நாள் எதிர் டீக்கடையில், தினத்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். பேப்பர் தலைகீழாக இல்லை, அந்த மட்டும் பரவாயில்லை. மூன்று நாளில் அவருக்காகக் காத்திருந்தது ஒரே ஒரு கையெழுத்து. திரும்பி வந்தவரிடம் ஆலோசகர் அதை அப்படியே சொல்லிவிட்டார். தலைவர் முகம் தொங்கிப் போனது. ஒரு வாரம் உர்ரென்று இருந்தார்.

"உங்களைக் குறைச்சலா சொல்லல சார். ஒரு கையெழுத்துக்காக நாள் பூரா ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கீங்க. அந்த நேரத்துல வெளிய போய் எண்ணெய்க்கு நாலு கடை பிடிக்கலாம் இல்ல?" என்றார் ஆலோசகர்.

தலைவருக்கு வாய் ஜாலம் உண்டு. திண்டிவனம் வரை பைக்கில் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு மாதத்தில் எங்கள் எண்ணெய் பாட்டில் திண்டிவனத்துக் கடைகளில் உட்கார்ந்துவிட்டது. மனிதர் பத்து வயது குறைந்த மாதிரி ஆகிவிட்டார். ஃபேனுக்கடியில் இப்போது நாங்கள் முறை வைத்து உட்கார்ந்தோம்.

அடுத்த லீவு களம் பெருக்குகிற அனந்தபுரத்து அம்மாவுக்கு. "பெருக்கறவங்களுக்கு லீவு குடுத்து இன்னா தெரியப் போவுது?" என்று எல்லோரும் சிரித்தோம். நானும்தான். இரண்டே நாளில் கொள்முதல் நின்றுவிட்டது. வந்த மல்லாட்டை காய்ந்ததா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. ஈரப்பதம் பார்க்க மெஷின் இருக்கிறதே என்று எடுத்தால், அதில் பேட்டரி இல்லை. எத்தனை மாதமாக இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. பெருக்குகிற அம்மா ஒரு கை காயை அள்ளிக் காதோரம் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஒரு நாள் காயணும்," என்பாராம். பழைய மேனேஜர் அதைக் கேட்டு நோட்டில் நம்பர் போட்டுக்கொள்வாராம். அந்த நம்பரை நான் கம்ப்யூட்டரில் ஏற்றி, மெஷின் சொன்னது என்று வியாபாரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்!

ஆலோசகர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சார்ட் அட்டையில் கம்பெனியின் படம் வரைந்து, தலைவர் பெயருக்கு நேர் கீழே அந்த அம்மாவின் பெயரை எழுதினார். தரம் பார்ப்பவர் என்று அவருக்குப் பதவி வந்தது. மெஷினுக்குப் பேட்டரியும் வந்தது. பெருக்குவதற்கு வேறு ஆள் வந்தார். அந்த அம்மா இப்போது மெஷினைக் காயில் வைத்துப் பார்த்துவிட்டு, மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று காயைக் குலுக்கியும் பார்த்துக்கொள்கிறார்.

பெண் இயக்குநர்கள் விஷயத்தில் ஆலோசகர் கை வைக்க மாட்டார் என்றுதான் நினைத்தோம். நான்கு பேரும் கூட்டத்துக்கு வருவார்கள். கூடவே நான்கு வீட்டுக்காரர்களும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். கேள்வியை அந்த அம்மாவிடம் கேட்டால் பதில் வீட்டுக்காரரிடமிருந்து வரும். "உங்க கருத்து என்னம்மா?" என்றால், "அவரு சொல்வாரு," என்று அந்த அம்மாவே கையைக் காட்டிவிடுவார். இதற்கு யாருக்கு லீவு கொடுப்பது? ஆலோசகர் யோசித்தார். அடுத்த கூட்டம் செஞ்சி மலைமேல் இருக்கிற ராஜகிரிக் கோட்டை உச்சியில் என்று அறிவித்துவிட்டார்.

தலைவர் கீழேயே நின்றுகொண்டார், வண்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். வீட்டுக்காரர்கள் வீறாப்பாகக் கிளம்பினார்கள். பாதிப் படியில் ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவருக்குத் துணையாக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தலையில் மூட்டை சுமந்தே பழகிய பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார்கள். ஆலோசகரும் நானும்தான் நாக்குத் தள்ளிப் போய்க் கடைசியாகச் சேர்ந்தோம். மேலே காற்றில் புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே மூன்று பெண்கள் பேசினார்கள் பாருங்கள், பத்து வருஷப் பேச்சு! விதைக்காய் சரியில்லை, எடை போடுகிற நேரம் சரியில்லை, களத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. நான் எழுதிக் கை ஓய்ந்து போனேன். பேசாமல் இருந்தவர் தொண்டூர் இயக்குநர் மட்டும்தான். தூரத்தில் தெரிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார், கையைக் கழுவினார், இறங்கிவிட்டார். அதற்கப்புறம் கூட்ட அறைக்குள் இயக்குநர்கள் மட்டும் என்று தீர்மானம் போட்டோம். அப்போதும் அவர் பேசவில்லை.

என் முறை வந்தது. ஐந்து நாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நின்று போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். நான் இல்லாமல் ஒரு மூட்டை கூட நகரக் கூடாது, மேனேஜர் நாற்காலி என் வீட்டு வாசலுக்கே வந்து அழைக்க வேண்டும். அதனால் குடோன் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டையும், எந்தச் சரக்கு எந்த வியாபாரிக்கு என்கிற கணக்கையும் என் தலைக்குள்ளேயே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். முதல் நாள் போன் ஓயவில்லை. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் எனக்குப் பாயசம் சாப்பிட்ட மாதிரி இருந்தது. "இன்னாடி இது, லீவா கால் சென்டரா?" என்றார் என் வீட்டுக்காரர்.

மூன்றாம் நாள் மத்தியானம் திடீர் மழை. லாரி வந்து நிற்கிறது, எந்த மூட்டையை ஏற்றுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் குடோனிலிருந்து வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மூடுகிற படுதாவை நான் எங்கே மடித்து வைத்திருக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து என் போனில் சார்ஜ் இல்லை. தொண்டூர்ப் பெண்கள் கொண்டுவந்த மூட்டைகளில் பதினொன்று நனைந்துவிட்டது.

மழை விட்டதும் விஷயம் கேள்விப்பட்டு நான் போய்ச் சேர்ந்தபோது தொண்டூர் இயக்குநர் ஈரக் காயைக் களத்தில் பரப்பிக்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி குனிந்து காயைப் பரப்பினார். ஆலோசகரும் பக்கத்தில் குந்திப் பரப்பிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து, "சந்தோஷமா இருக்கா அக்கா?" என்று கேட்டார்.

"நான் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு இப்பவாவது தெரிஞ்சுதில்ல?" என்றேன். குரல் வேறு ஓங்கிவிட்டது.

"தெரிஞ்சுது. அதான் பயமா இருக்கு."

அவரோடு நான் இரண்டு வாரம் பேசவில்லை. என்னைவிடப் பதினோரு வயது சின்னவள், மல்லாட்டைச் செடியை மண்ணோடு பார்த்திருப்பாளா என்று மனசுக்குள் கறுவினேன். ஆனால் அந்தப் பதினொரு மூட்டை என்னைத் தூங்க விடவில்லை. பொறாமைக்காரி மாதிரி எல்லாவற்றையும் தலைக்குள் பூட்டி வைத்தது நான்தானே. ஒரு திங்கட்கிழமை பெரிய சார்ட் அட்டைகள் வாங்கி வந்து ஆபீஸ் சுவர் முழுக்க எழுத ஆரம்பித்தேன். எந்தச் சரக்கு யாருக்கு, லாரி வந்தால் முதலில் என்ன செய்வது, மழை வந்தால் படுதா எங்கே இருக்கிறது, எந்த முனையை யார் இழுப்பது என்று எல்லாமே. பாஸ்வேர்டைக் கவரில் போட்டு ஒட்டித் தலைவரிடமும் அனந்தபுரத்து அம்மாவிடமும் கொடுத்தேன். முதல் அட்டையின் தலைப்பில், "போன தடவை நான் சொல்லாமல் போனதால் பதினொரு மூட்டை நனைந்தது," என்று பெரிய எழுத்தில் எழுதினேன். எழுதும்போது காது சுட்டது.

நானே கேட்டு இரண்டாவது லீவு எடுத்தேன். ஐப்பசி மாதம், மழைக்காலம். போன் அடிக்கவில்லை. முதல் நாள் நிம்மதி. இரண்டாம் நாள் ஒரு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் போனிலிருந்து என் போனுக்கு அடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் வேலை செய்தது. ஆறாம் நாள் ஆபீஸுக்குப் போனால், சரக்கு ஏற்றுகிறவர், "ஏன்க்கா, நீங்க லீவுலயா இருந்தீங்க?" என்கிறார். இரண்டு நாள் கொட்டிய மழையில் ஒரு காய் நனையவில்லை. சிரித்துக்கொண்டே குடோனுக்குள் போய், மூட்டைக்குப் பின்னால் நின்று அழுதேன். அனந்தபுரத்து அம்மா பார்த்துவிட்டார்.

மேனேஜரை முடிவு செய்கிற கூட்டம் பதினோரு மணிக்கு. ஆலோசகர் தன் அறிக்கையோடு வந்து பேச வேண்டும், அதை வைத்து முடிவு. அவர் எனக்காகப் பேசுவார் என்று நம்பி, இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பதினொன்றேகால் ஆயிற்று, அவரைக் காணோம். போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். பதினொன்றே முக்கால். நான் அவருக்குப் போட்ட காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம் இல்லாம இன்னா பண்றது? அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாமா?" என்றார் தலைவர்.

"தள்ளி வெச்சா வேலை கெட்டுப் போவும். நம்ம பையன் நாளைக்கே வந்து சேர்ந்துடுவான். தற்காலிகமா இருக்கட்டுமே," என்று போட்டோக்கார இயக்குநர் செல்போனை எடுத்தார். தற்காலிகமாக உட்கார்ந்தவர் எழுந்து போனதை யார் பார்த்திருக்கிறார்கள்? என் பத்து வருஷமும் அந்தச் செல்போனுக்குள் போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன்.

"தள்ளி வெக்க வேணாம்," என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரலை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. தொண்டூர் இயக்குநர்.

"மொத தபா இவங்க லீவு போட்டப்ப நனைஞ்சது எங்க மூட்டைங்க. எனக்கு இவங்க மேல கோவம் உண்டு. இன்னும் கூட கொஞ்சம் இருக்குது," என்று என்னைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "ரெண்டாவது தபா போனப்பவும் மழை. நான் அன்னிக்கு இங்கதான் இருந்தேன். செவுத்துல எழுதி இருந்துச்சு, படுதா எங்க இருக்குதுன்னு. நாலு பேரு நாலு முனைய இழுத்தோம், மூடிட்டோம். இவங்கள யாரும் தேடல. தேட வேண்டிய வேலையே இல்ல. தான் பண்ண தப்பத் தானே செவுத்துல எழுதி, எல்லாரும் பாக்க மாட்டி வெக்கிற ஆளு வேற யாருன்னா இருந்தா சொல்லுங்க. அவங்களுக்கே குடுத்துடலாம்."

அப்புறம் மற்ற மூன்று பெண்களும் கையைத் தூக்கினார்கள். தலைவரும் தூக்கினார். லாரிக்காரனிடம் யார் பேசுவது என்று கேட்டவர்கூட அக்கம் பக்கம் பார்த்துவிட்டுத் தூக்கினார். போட்டோக்காரர் செல்போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் மேனேஜர் ஆனேன்.

இரண்டு மணிக்கு ஆலோசகர் வந்தார். தலை கலைந்து, கன்னத்தில் பஸ் ஜன்னல் கம்பியின் தடம் பதிந்து கிடந்தது. விஷயத்தைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார். "மேடம், உங்க மூளையே மூளை! எங்களுக்கு லீவு குடுத்துப் பாத்தீங்க, கடைசியில உங்களுக்கே குடுத்துகினீங்களே! நீங்க வந்திருந்தா தொண்டூரம்மா வாயத் தொறந்திருக்குமா?" ஆலோசகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் விடவில்லை, எல்லோரும் கை தட்டினார்கள். அந்தத் தந்திரத்தைத் தலைவர் இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனேன். டீக்கடையில் நின்றபோது அவர் மெதுவாக, "அக்கா, நான் தூங்கிட்டேன்," என்றார்.

"இன்னா?"

"பஸ்ல தூங்கிட்டேன். செஞ்சி வந்ததே தெரியல. கண்ணு முழிச்சா திருவண்ணாமலை. போன்ல சார்ஜும் இல்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். படித்தேன். என்னை இப்போது மேனேஜராக்க வேண்டாம், ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம், அதுவரை வெளியாள் ஒருவரைப் போடலாம் என்று எழுதியிருந்தது.

கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டேன். "ரெண்டாவது லீவுக்கு அப்புறமா எழுதினீங்க இதை?"

"ஆமாக்கா. ஒருத்தரும் தேடலைன்னு நீங்க குடோன்ல அழுதீங்கன்னு கேள்விப்பட்டேன். அழறவங்க இன்னும் மனசால விடல, திரும்பவும் எல்லாத்தையும் பூட்டி வெச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். நான் உங்க கண்ணப் பாத்தேன். தொண்டூரம்மா மூட்டையப் பாத்திருக்காங்க."

"நீங்க சரியா வந்து சேர்ந்திருந்தா இதைத்தான் படிச்சிருப்பீங்களா?"

"இதைத்தான் படிச்சிருப்பேன். எல்லாரும் கேட்டிருப்பாங்க."

அப்புறம் அவர் டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு, கீழே எழுதினார்: "ஆலோசகர் கருத்து தவறு. தொண்டூர் இயக்குநர் சொன்னதே சரி." கையெழுத்தும் தேதியும் போட்டு, "கம்பெனி ஃபைல்ல வையுங்க மேனேஜர்," என்று கொடுத்தார். என்னை அப்படி முதலில் கூப்பிட்டது அவர்தான். எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், தன் தப்பில் கையெழுத்துப் போட்டு அதைப் பிறத்தியார் கையில் கொடுத்துவிட்டுப் போனவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

சென்னை பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு, இறங்குகிற வழியில் கண்டக்டரிடம், "அண்ணே, அந்தம்மாவை மறக்காம செங்கல்பட்டுல எழுப்பி எறக்கி விட்டுடுங்க," என்றேன்.

"யாரும்மா அவங்க?"

"எங்க கம்பெனிக்கு ஆலோசனை சொல்றவங்க," என்றேன், பெருமையாக.